குடும்பக் கணக்கு: சமூகப்பணிப் படிப்பும் கடன் சுமையும்

செம்பூரில் வாழும் நம் சங்க உறுப்பினர் ஒருவர் சென்ற திங்கள் எமக்கு மடல் விடுத்திருந்தார். அவர்தம் மகள் பட்டப் படிப்பை முடித்துவிட்டாள். சமூகப்பணியில் முதுகலை பயில விழைகின்றாள். தனியார் கல்லூரி ஒன்றில் இடமும் கிடைத்துள்ளது. கட்டணமும் விடுதிச் செலவும் சேர்ந்து ஈராண்டுக்கு 4 லட்சம் ரூபாய். “ஊருக்கு உழைக்கும் படிப்புக்கு இத்தனை கடன் வாங்கினால், எந்தச் சம்பளத்தில் அதை அடைப்பது? மறுத்தாலோ பெண்ணின் முகம் வாடுகிறது. அடுத்தவன் படிப்பும் காத்திருக்கிறது” என்று அந்தத் தந்தை வருந்தியிருந்தார். இவ்வினா அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. ஆதலின் இப்பகுதியிலேயே விடை கூற முற்படுகின்றோம்.

சமூகப்பணி என்பது ஓய்வு நேரத்தில் செய்யும் தொண்டு என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அவ்வாறன்று, அது முறையாகப் பயின்று பெறும் தொழில். இந்நாட்டில் அதற்கென முதற் பள்ளி 1936-இல் நாம் வாழும் இப்பெருநகரிலேயே தோன்றியது. இன்று தியோனாரில் விளங்கும் டாட்டா சமூக அறிவியல் கழகம் அதுவே. சென்னையில் 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் சமூகப்பணிப் பள்ளி எழுந்தது. ஆகவே, இப்படிப்பை வீண் ஆசை என்று தள்ளுதல் பொருந்தாது.

இனி, வருவாயைக் காண்போம். இப்பட்டம் ஒன்றேயாயினும் அது திறக்கும் வாயில்கள் பல. ஒவ்வொன்றிலும் ஊதியம் வேறு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 500 தொழிலாளருக்குக் குறையாத ஆலைகளில் நல அலுவலர் இருத்தல் வேண்டும் என்றது. 2020-இல் இயற்றப்பெற்ற பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அவ்வெண்ணை 250 ஆகக் குறைத்தது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், பெரிய நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூக நலனுக்குச் செலவிட வேண்டும் என்று விதித்தது. இவ்விரு வழிகளிலும் ஊதியம் ஓரளவு நன்று. மருத்துவமனை, குழந்தைகள் பாதுகாப்பு, குடிசைப் பகுதிப் பணி ஆகியவற்றிலோ ஒப்பந்த வேலையே மிகுதி. தொடக்க ஊதியமும் சிறிது. நம் மகளிர் பலரின் உள்ளம் நாடுவதோ இப்பின்னவற்றையே.

கடனின் கணக்கு யாது? 4 லட்சம் வரை வங்கிகள் பொதுவாக ஈடு கேட்பதில்லை. ஆயினும் பெற்றோர் உடன்கடனாளியாய்க் கையொப்பமிடல் வேண்டும். படிக்கும் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டுவதில்லை. ‘அதுவரை கவலையில்லை’ என்று இருந்துவிடலாகாது. வட்டி உறங்குவதில்லை.

ஆண்டுக்கு 2 லட்சமாக ஈராண்டு வாங்கி, வட்டி நூற்றுக்கு 10 எனக் கொள்வோம். தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டுமே 1 லட்சம் சேர்ந்து, கடன் 5 லட்சமாகியிருக்கும். அதனை ஏழாண்டில் அடைக்கத் திங்கள்தோறும் ஏறத்தாழ 8,300 ரூபாய் வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 7 லட்சம். முதல் ஊதியம் 24,000 என்று வைத்துக்கொண்டால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வங்கிக்கே சென்றுவிடும். எஞ்சியதில் வாடகையும் உணவும் இரயில் கட்டணமும் போக என்ன நிற்கும்?

கடனோ 1 லட்சம் மட்டுமே எனில், இதே கணக்கில் தவணை ஏறத்தாழ 2,075 ரூபாய். அதனைச் சிறிய ஊதியமும் தாங்கும்.

நாம் வற்புறுத்த விரும்புவது இதுவே. பெருங்கடன் பணத்தை மட்டும் கொண்டுபோவதில்லை. வேலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் கொண்டுபோகின்றது. குடிசைப் பகுதிக் குழந்தைகளுக்காகப் படித்த பெண், தவணைக்கு அஞ்சித் தொடர்பற்ற ஓர் அலுவலகத்தில் அமர நேரிடும். எந்தப் பணிக்காகக் கடன் வாங்கப்பெற்றதோ அந்தப் பணியையே கடன் விலக்கிவிடும்.

ஆதலின், ‘படிப்பதா, வேண்டாவா’ என்பதினும் ‘எங்கே, என்ன விலைக்கு’ என்பதே கேட்கத் தக்க வினா. முதலாவதாக, அரசுப் பல்கலைக்கழகங்களையும் அரசு உதவிபெறும் கல்லூரிகளையும் நாடுக. அங்குக் கட்டணம் பெரும்பாலும் குறைவு. இவ்வாண்டு இடம் தவறின், ஒரு தொண்டு நிறுவனத்தில் ஓராண்டு பணியாற்றி மறுமுறை முயல்க. இத்தொழில் தன் மனத்துக்கு ஏற்றதா என்பதும் அதனால் விளங்கும். வேலையை விட இயலாதார்க்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இப்பட்டத்தைத் தொலைநிலையில் வழங்குகின்றது. இரண்டாவதாக, கல்லூரியில் சேருமுன் களப்பணி எங்கெங்கு நடைபெறுகின்றது, சென்ற ஆண்டு மாணவர் எவ்வேலையில் அமர்ந்தனர் என்பவற்றை முன்னாள் மாணவரிடமே கேட்டறிக. விளம்பரத் தாளை நம்பற்க. மூன்றாவதாக, கடன் தவிர்க்க இயலாததாயின், தவணை தொடங்குமுன்னரே வட்டியை மட்டுமேனும் மாதந்தோறும் கட்டி வருக. மேற்கூறிய 4 லட்சக் கணக்கில் தவணை 6,640 ஆகக் குறையும். முடிவில் ஏறத்தாழ 39,000 ரூபாய் மிஞ்சும். குறைந்த வருவாயுள்ள குடும்பத்தார் மைய அரசின் வட்டி மானியம் தமக்கு உண்டா என வங்கியில் முன்னரே வினவுதல் நன்று.

மடல் விடுத்த அன்பருக்கு ஒரு சொல். ‘வேண்டா’ என்று மகளிடம் சொல்லிவிடாதீர்கள். இக்கணக்கைத் தாளில் எழுதி, அவளையும் உடன் அமர்த்திப் பாருங்கள். அந்தத் தனியார் கல்லூரி இடத்தைக் கைவிட்டு ஓராண்டு காத்திருக்க அவள் இசைவாளாயின், அவ்விருப்பம் உறுதியானது என்று அறிவீர்கள். பிறர் குடும்பத்தின் இடர் தீர்க்கப் புறப்படுபவள் தன் குடும்பத்தின் கணக்கை முதலில் அறிந்துகொள்வது அப்படிப்பின் முதற் பாடமாகவே அமையும்.