கோட்டைக்குள் தங்க வேண்டாம்

வெம்பிளி ஈலிங் வீதியில் 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஸ்ரீ சனாதன இந்து மந்திரின் மஞ்சள் கல்லை நம்மவரிற் பலர் தொட்டுப் பார்த்திருப்பர். அக்கல்லிற் பெரும்பகுதி ராஜஸ்தானின் தார்ப் பாலைவனத்திலுள்ள ஜெய்சல்மேரிலிருந்து வந்தது. கிங்ஸ்பரியிலிருந்து சிறிது தூரம் பஸ்ஸிற் போய் நாம் காணும் இந்தக் கல் பிறந்த ஊரையும் ஒருமுறை கண்டுவர வேண்டும் என்ற விருப்பம் நமது சங்கத்து அங்கத்தவர் சிலரிடையே எழுந்திருக்கிறது. நல்ல விருப்பம். பெப்ரவரிப் பாடசாலை விடுமுறையிற் பிள்ளைகளுடன் போய்வரலாம் என்ற யோசனையும் பொருத்தமானதே. ஆனால் எங்கே தங்குவது, எத்தனை ஊர் பார்ப்பது என்ற இரண்டு விடயங்களில் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. அதை அன்பர்கள் முன் வைக்கிறேன்.

ஜெய்சல்மேர் 1156ஆம் ஆண்டு ராவல் ஜெய்சல் என்ற பட்டி ராஜபுத்திர அரசரால் நிறுவப்பட்ட ஊர். இவ்வரச குலத்தினர் தம்மைக் கண்ணபிரானின் யாதவ குலத்தினர் என்று சொல்லிக்கொள்வர். திரிகூட மலை எனப்படும் குன்றின்மேல் அமைந்த கோட்டை 2013இல் ராஜஸ்தானின் வேறு ஐந்து மலைக்கோட்டைகளுடன் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. இந்தக் கோட்டையின் தனிச்சிறப்பு, அது இன்னும் மக்கள் வாழும் இடம் என்பதே. லட்சுமிநாதர் கோயில் மணி ஒலிக்க, பிள்ளைகள் பள்ளிக்குப் போக, சில ஆயிரம் பேர் அதற்குள்ளே வாழ்கிறார்கள்.

அந்தக் கோட்டைக்கு இன்று பகை தண்ணீர். கேட்பவர்களுக்கு வியப்பாயிருக்கும். இலண்டனில் ஆண்டுக்குப் பெய்யும் மழையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அங்கே பெய்கிறது. முற்காலத்திற் கீழேயுள்ள கடிசர் ஏரியிலிருந்து பெண்கள் குடத்திற் சுமந்து வந்த தண்ணீரே வீட்டுக்கு. அந்த அளவுக்கு ஏற்றபடியே வடிகால்களும் அமைந்தன. பின்னர் குழாய்த் தண்ணீர் வந்தது, உல்லாசப் பயணிகள் வந்தனர், வீடுகள் விடுதிகளாயின, அறைதோறும் குளியலறை அமைந்தது. கழிவுநீர் குன்றின் மென்பாறையிலும் களிமண்ணிலும் இறங்கி அடித்தளத்தை இளக்குகிறது. 1998இல் மதிலின் ஒரு பகுதி இடிந்து ஆறு பேர் இறந்தனர். அழியும் ஆபத்திலுள்ள மரபுச் சின்னங்களின் பட்டியலில் உலக நினைவுச்சின்ன நிதியம் இக்கோட்டையை 1996 முதல் மூன்று முறை சேர்த்தது.

ஆகவே நமது குழு கோட்டைக்குள் தங்கக் கூடாது என்பது என் கருத்து. கீழே நகரத்தில் நல்ல விடுதிகள் உண்டு. மாலையில் மதில் பொன்னாக மின்னும் காட்சியும் கீழிருந்து பார்த்தாற்றான் முழுமையாகத் தெரியும். "கோட்டைவாசிகளின் பிழைப்பைக் கெடுக்கலாமா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அவர்களுடைய கடையிற் சாமான் வாங்குவோம், அவர்களிடம் சாப்பிடுவோம், அவ்வூரிற் பிறந்த ஒருவரையே வழிகாட்டியாக அமர்த்துவோம். பணத்தை மேலே கொடுப்போம்; குளியலைக் கீழே வைத்துக்கொள்வோம்.

இது யாழ்ப்பாணத்தாருக்கு விளங்காத சங்கதியல்ல. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத சுண்ணக்கல் நிலம் நம்முடையது. மலசலகூடக் குழியைக் கிணற்றுக்குக் கிட்ட வெட்டினால் என்ன நடக்கும் என்பதை ஒரு வைத்தியன் வந்து சொல்ல வேண்டியதில்லை. நிலத்தின் கீழ் ஓடுவது கண்ணுக்குத் தெரியாது. தெரியவரும்போது காலம் கடந்துவிடும். கிணற்றடியில் நின்று வாழைக்குத் தண்ணீர் போகும்படி குளித்த தலைமுறை இங்கே இன்னும் இருக்கிறது. அந்தச் சிக்கனத்தைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

இரண்டாவது விடயம், ஊர்களின் எண்ணிக்கை. "இவ்வளவு விமானக் கட்டணம் கொடுத்துப் போகிறோம், ஜெய்ப்பூர், உதயப்பூர், ஆக்ரா எல்லாம் ஒரே வாரத்திற் பார்த்துவிடலாமே" என்கின்றனர் சிலர். ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேருக்கே ஏறக்குறைய 280 கிலோமீற்றர். இப்படி ஓடினால் பிள்ளைகளின் நினைவில் நிற்பது பஸ் ஜன்னல் மட்டுமே. ஒரே ஊர், மூன்று முழு நாட்கள் போதும்.

முதல் நாள் கடிசர் ஏரியிலிருந்து தொடங்கிக் கோட்டைக்கு நடந்து ஏற வேண்டும். குடம் சுமந்தவர்கள் போன திசை அது. இரண்டாம் நாள் காலை கோட்டைக்குள் உள்ள சமணக் கோயில்கள். தோற்பொருட்களை வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும். அங்குள்ள ஞான பண்டாரம் என்ற சுவடிச்சாலை 900 ஆண்டுகளுக்கு முந்திய ஓலைகளைக் காத்து வந்திருக்கிறது. வறண்ட காற்றும் சமணரின் அக்கறையும் சேர்ந்து செய்த காரியம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது நம் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய இடமும் இதுவே. மாலையில் பட்வா வணிகரின் மாளிகைகளைப் பார்க்கலாம்.

மூன்றாம் நாள் குல்தரா. நகருக்கு மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீற்றர் தொலைவில், பாலிவால் பிராமணர் வாழ்ந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் கைவிட்டுப் போன கிராமம். திவான் சலீம் சிங்கின் கொடுமைக்கு அஞ்சி 84 கிராமத்தாரும் ஒரே இரவில் வெளியேறினர் என்பது கதை. வறட்சி, கடும் வரி, நிலநடுக்கம் என்று ஆய்வாளர் பல காரணங்கள் கூறுவர். இன்றோ அதைப் பேய்க் கிராமம் என்று சொல்லிப் பயணிகளை அழைக்கிறார்கள். நம்மவர் அப்படிப் பார்க்கலாமா? வலிகாமத்திலும் பிற இடங்களிலும் கூரையில்லாத வீடுகளை விட்டுவந்தவர்கள் நாம். அவற்றின் முன் ஒருவன் நின்று பேய்க்கதை சொல்லிச் சிரித்தால் நமக்கு எப்படியிருக்கும்? அந்தப் பாலிவால் மக்கள் மழைநீரை மண் அணையால் மறித்து, அந்த ஈரத்திற் கோதுமையும் கடலையும் விளைத்தவர்கள். கதீன் எனப்படும் அந்த முறை அம்மாவட்டத்தில் இன்றும் வழக்கில் உள்ளது. பிள்ளைகள் அறிய வேண்டியது அதைத்தான்.

உடல்நலம் பற்றிச் சில வார்த்தைகள். பெப்ரவரியிற் பகல் இதமாயிருக்கும், இரவிற் குளிரும். வறண்ட காற்றில் வியர்வை உடனே உலர்வதால் உடல் நீர் இழப்பது தெரியாது. நீர் போக்கும் மாத்திரை எடுப்போரும் நீரிழிவு உள்ளோரும் புறப்படுமுன் தங்கள் குடும்ப வைத்தியரைக் கண்டு பேச வேண்டும்; மாத்திரைகளைத் தாமாக நிறுத்தக் கூடாது. மஞ்சட் காமாலை ஏ வகைக்கும் தைபோயிட்டுக்கும் தடுப்பூசி உண்டா என்று நேரத்தோடு கேளுங்கள். கோட்டைப் பாதையின் கற்கள் வழவழப்பானவை. முழங்கால் நோவுடையோர் பிடிப்புள்ள சப்பாத்து அணிவது அவசியம். ஊர் பாகிஸ்தான் எல்லைப் புறத்தில் உள்ளதாலும், 2025 மே மாதத்தில் அங்கே பதற்றம் நிலவியதாலும், பணம் கட்டுமுன் பிரித்தானிய வெளியுறவு அலுவலகத்தின் பிரயாண அறிவுரையைப் படிப்பது நல்லது. தண்ணீரைக் குடிப்பதிற் சிக்கனம் வேண்டாம். குளிப்பதிற் சிக்கனம் வேண்டும்.

பயண ஏற்பாட்டைக் கவனிக்கும் அன்பர்கள் விடுதிக்கு எழுதுமுன் இவற்றைக் கூட்டத்தில் எடுத்துப் பேசுமாறு கேட்டுக்கொள்கிறேன். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கும் ஓர் ஊரில் நாம் மூன்று நாள் விருந்தாளிகள். விருந்தாளிக்கு உரிய அடக்கத்துடன் போய்வருவோம்.