தாளைத் திருத்துகிறவர் யார்?

இணையவழிக் கல்வி என்றதும் நம் சர்வகலாசாலைகளின் சிந்தனை ஒளிப்பதிவுக் கூடத்தின் பக்கமும், எத்தனை மணி நேர விரிவுரைகள் பதிவாயின என்னும் கணக்கின் பக்கமுமே ஓடுகிறது. மாணவர் எழுதி அனுப்பும் பயிற்சித் தாளை வாசித்து, எந்த இடத்தில் தர்க்கம் பிசகிற்று என்று அவருக்கு எழுதிச் சொல்லப் போகிறவர் யார் என்ற கேள்வியோ, கேட்கப்பட்டாலும், செலவுத் திட்டத்தின் கடைசி வரியில்தான் இடம் பெறுகிறது. இது தலைகீழான முறை என்பது என் அபிப்பிராயம்.

1969-இல் ராஜ சாசனம் பெற்று, 1971-இல் முதல் மாணவர்களுக்குப் பாடம் தொடங்கிய பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை வெளியுலகம் பி.பி.சி. ஒளிபரப்பைக் கொண்டே அறிந்தது. தொழிற்கட்சித் தலைவர் ஹாரல்ட் வில்சன் 1963-இல் அந்த யோசனையை வெளியிட்டபோது ஆகாயப் பல்கலைக்கழகம் என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. ஆயினும், பகலெல்லாம் உத்தியோகம் பார்த்துவிட்டு, குழந்தைகள் உறங்கிய பிறகு புத்தகத்தைத் திறந்த அந்த மாணவர்களைப் படிப்பில் நிலைநிறுத்திய பெருமையைத் தொலைக்காட்சிக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பேராசிரியர்களும் கல்வி முறை வல்லுநர்களும் ஒளிபரப்புத் தயாரிப்பாளர்களும் ஒரு குழுவாக அமர்ந்து, ஒருவர் எழுதிய பாடத்தை மற்றவர் கண்டித்துத் திருத்தி, தனியே படிப்பவருக்கும் விளங்கும்படி ஆக்கிய பிரயாசையும், ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு துணையாசிரியரை நியமித்து, அவர் மதிப்பெண்ணோடு நில்லாமல் விளக்கமும் எழுதித் தாளைத் திருப்பி அனுப்பிய ஏற்பாடுமே அந்தப் பெருமைக்கு உரியவை. பி.பி.சி.யின் நள்ளிரவுப் பாட ஒளிபரப்பு 2006-இல் நின்றுபோயிற்று. துணையாசிரியர் முறை இன்றும் நிலைத்து நிற்கிறது.

இந்த அனுபவத்துக்குத் தத்துவ விளக்கம் தந்தவர்களும் உண்டு. ஸ்வீடன் தேசத்துப் பேர்யே ஹோல்ம்பெர்க், நல்ல தொலைதூரப் பாடம் ஆசிரியர் வழிகாட்டும் ஓர் உரையாடலே என்றார். கல்வியியல் அறிஞர் மைக்கேல் மூர் இன்னும் ஒரு படி சென்று, தொலைதூரக் கல்வியில் கவனிக்க வேண்டிய தூரம் மைல் கணக்கில் அளப்பதன்று, உரையாடல் குறையுந்தோறும், பாடத்தின் கட்டு இறுகுந்தோறும் விரிகின்ற மனத்தூரமே என்று நிறுவினார். அந்த அளவுகோலால் பார்த்தால், வாய் திறவாமல் குறிப்பெடுக்கும் முந்நூறு பேர் நிறைந்த கல்லூரி மண்டபமும் தொலைதூரக் கல்விதான்! கல்வி ஆராய்ச்சியாளர் ரிச்சர்ட் கிளார்க் 1983-இல், பாடத்தைக் கொண்டுசேர்க்கும் கருவியானது சரக்கைக் கொண்டுவரும் வண்டி மாத்திரமே, உண்பவரின் உடலுக்கு அது புஷ்டி தராது என்று எழுதியபோது எழுந்த வாதம் இன்னும் ஓயவில்லை. நான் பெரும்பாலும் அவர் கட்சி.

ஸ்டான்ஃபோர்டில் 2011-இல் செயற்கை நுண்ணறிவு பற்றி நடத்திய இலவச இணையப் பாடத்தில் ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேர் சேர்ந்தபோது, பழைய சர்வகலாசாலைகளின் காலம் முடிந்தது என்று ஆரவாரித்தார்கள். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் 2012 முதல் 2018 வரை நடத்திய அத்தகைய பாடங்களை ஆராய்ந்து 2019-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான கட்டுரையோ, சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் முதல் ஆண்டுக்குப் பின் திரும்பி வரவேயில்லை என்று காட்டிற்று. அதற்கு முன்பே, 2014-இல், பல லட்சம் தடவை காணொளிகள் பார்க்கப்பட்ட விவரங்களை அலசிய ஃபிலிப் குவோவும் அவருடைய சகாக்களும், பாடம் எவ்வளவு நீண்டாலும் மாணவர் கவனம் பொதுவாக ஆறு நிமிஷத்தைத் தாண்டுவதில்லை என்று கண்டிருந்தார்கள். நம்முடைய ஐம்பது நிமிஷ விரிவுரைகளின் கதியை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

துணையாசிரியரை வைத்தால் செலவு ஏறும் என்பார்கள். வாஸ்தவம். விரிவுரையை ஒருமுறை பதிவு செய்தால் ஆயிரம் பேருக்கும் லட்சம் பேருக்கும் அதுவே போதும். தாளை வாசிக்கும் மனிதருக்குரிய சம்பளமோ மாணவர் தொகையோடு கூடவே வளரும். ஆதலால்தான் முதலில் வெட்டுண்பது அந்தச் செலவாக இருக்கிறது. ஆதலால்தான் அதைச் சர்வகலாசாலைகளின் தயவுக்கு விட்டுவிடக் கூடாது என்கிறேன். ஒரு துணையாசிரியருக்கு எத்தனை மாணவர்கள், திருத்திய தாள் எத்தனை நாளில் திரும்பி வரும் என்னும் இரண்டு எண்களைச் சேர்க்கை விளம்பரத்திலேயே அச்சிட வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு விதி செய்யட்டும். பதிவான விரிவுரைகளின் மணிக்கணக்கை வேண்டுமானால் அவர்கள் அச்சிடாமலே விட்டுவிடலாம்.