நகர எல்லைக்கு வெளியே வீடு கட்ட ‘பர்மிட்’ வேண்டாமா? அமெரிக்காவில் நிலம் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை!

டல்லாஸ், ஹூஸ்டன் போன்ற பெருநகரங்களைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால், ஏக்கர் கணக்கில் நிலம் விற்பனைக்கு இருக்கிறது. விளம்பரங்களில் அடிக்கடி ஒரு வரியும் சேர்ந்து வரும்: ‘இங்கே பில்டிங் பர்மிட் தேவையில்லை.’ அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அந்தப் போட்டோக்களை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, இங்கே இருக்கும் பெற்றோருக்கும் ஆசை வந்துவிடுகிறது. ‘நம்ம நிலம், நம்ம காசு, யாரைக் கேக்கணும்?’ என்று தோன்றுவது இயல்பு.

ஆனால், அந்த விளம்பர வரி பாதிதான் உண்மை!

எந்த ஊரிலும் சேராத நிலம்

அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலும் ‘கவுன்டி’களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. கவுன்டிக்குள் சில பகுதிகள் மட்டும் நகரமாகப் பதிவாகி, தனி மன்றம் வைத்திருக்கும். மீதி இடங்கள் எந்த நகரத்திலும் சேராதவை. அங்கே உள்ளூர் நிர்வாகம் என்பது பெரும்பாலும் கவுன்டி அலுவலகம்தான். இவையெல்லாம் ஆளில்லாத காடு என்று நினைக்க வேண்டாம். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுன்டியில், நகர எல்லைகளுக்கு வெளியே மட்டும் சுமார் 20 லட்சம் பேர் வாழ்கிறார்கள்.

இந்தப் பகுதிகளுக்கான விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் மாநிலம் முழுவதற்கும் ஒரே கட்டடச் சட்டம். கிராமப்புறமாக இருந்தாலும் கவுன்டியிடம் பர்மிட் வாங்கித்தான் வீடு கட்ட முடியும். டெக்சாஸ் இதற்கு நேர்மாறு. நகரங்களுக்கு இருக்கும் அதிகாரத்தில் சிறு பகுதிதான் அங்கே கவுன்டிகளுக்கு உண்டு. அதனால்தான் பல கவுன்டிகளில் வீட்டு பிளானைப் பார்த்து ஒப்புதல் தர அதிகாரி யாரும் இல்லை.

வேறு எங்கெல்லாம் அனுமதி வேண்டும்?

பிளானுக்கு ஒப்புதல் தேவையில்லை என்பதால் எதற்குமே அனுமதி வேண்டாம் என்று அர்த்தமில்லை. டெக்சாஸிலேயே குறைந்தது நான்கு விஷயங்களை விசாரிக்க வேண்டும்.

முதலாவது, செப்டிக் டேங்க். பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் இதற்கு பர்மிட் அவசியம். 10 ஏக்கரோ அதற்கு மேலோ உள்ள நிலத்தில் ஒரே குடும்பம் வசிக்கும் வீட்டுக்கு, சில நிபந்தனைகளுடன் மாநில விதியில் விலக்கு உண்டு. ஆனால், சில கவுன்டிகள் அந்த விலக்கைத் தருவதில்லை.

இரண்டாவது, வெள்ள அபாயம். மத்திய அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த கவுன்டிகளில், அபாயப் பகுதி என வரைபடத்தில் குறித்த இடத்தில் மண் கொட்டி மேடாக்குவதற்குக்கூட அனுமதி பெற வேண்டும்.

மூன்றாவது, சாலை. மாநில நெடுஞ்சாலையிலிருந்து வீட்டுக்கு வழி அமைக்க, நெடுஞ்சாலைத் துறையின் அனுமதி வேண்டும்.

நான்காவது, பக்கத்து நகரம். பெரிய நகரங்களின் மனைப் பிரிவு விதிகள், எல்லைக்கு வெளியே 5 மைல் வரைகூட நீள முடியும்.

‘100 ஆண்டு வெள்ளம்’ என்ற பெயர் பலரைக் குழப்பிவிடுகிறது. 100 ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்பது அதன் பொருள் அல்ல. ஒவ்வோர் ஆண்டும் 1 சதவிகித வாய்ப்பு என்பதே பொருள். 30 ஆண்டு வீட்டுக் கடன் முடிவதற்குள் வெள்ளம் வர சுமார் 26 சதவிகித வாய்ப்பு. அதாவது, நான்கில் ஒன்று! 2017-ல் ஹார்வி புயல் ஹூஸ்டன் பகுதியை மூழ்கடித்த பிறகு, வீட்டின் தரைமட்டம் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்ற விதியை ஹாரிஸ் கவுன்டி கடுமையாக்கியது.

யாரும் கேட்காவிட்டால் நல்லதா?

பர்மிட் என்றாலே செலவு, அலைச்சல் என்றுதான் தோன்றும். அதில் கிடைக்கும் பயன், வேலை நடக்கும்போதே ஒருவர் வந்து சோதிப்பது. கான்கிரீட் போட்ட பிறகு உள்ளே இருக்கும் கம்பியைப் பார்க்க முடியாது. சுவரை மூடிய பிறகு வயரிங்கையும் பைப்பையும் பார்க்க முடியாது.

இதற்காகவே டெக்சாஸ் 2009-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதை ஏற்றுக்கொண்ட கவுன்டிகளில், புது வீட்டை அஸ்திவாரக் கட்டத்தில், சுவரை மூடும் முன், வேலை முடிந்த பின் என மூன்று முறை சோதிக்க வேண்டும். ஏற்காத கவுன்டிகளில் அந்தப் பொறுப்பு வாங்குபவர் தலையில்தான் விழும்.

யாரும் கேட்காமல் விட்டதன் விலை டெக்சாஸுக்கு நன்றாகவே தெரியும். மெக்சிகோ எல்லையை ஒட்டி ‘கொலோனியா’ என்ற குடியிருப்புகள் 2,000-க்கும் மேல் உள்ளன. 1950-கள் முதல், நகர எல்லைக்கு வெளியே இருந்த மலிவு நிலத்தைக் கூறுபோட்டு, ஏழைத் தொழிலாளர்களுக்குத் தவணை முறையில் விற்றார்கள். பல இடங்களில் குடிநீர் இல்லை, சாக்கடை இல்லை, தார்ச்சாலை இல்லை. கடைசித் தவணை கட்டும்வரை பத்திரமும் விற்றவர் பெயரில்தான். கூலிப் பணத்தைச் சேர்த்து வீடு எழுப்பிய குடும்பங்கள், பல ஆண்டுகள் லாரித் தண்ணீரை நம்பி வாழ்ந்தன. 1995-ல்தான், எல்லையோரக் கவுன்டிகளில் தண்ணீர், கழிவுநீர் வசதிக்கு ஏற்பாடு செய்யாமல் வீட்டு மனை விற்க மாநிலம் தடை போட்டது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

* நிலம் எந்த கவுன்டியில் வருகிறது, பக்கத்து நகரத்தின் விதி அதுவரை நீள்கிறதா என்று கவுன்டி அலுவலகத்தில் கேளுங்கள். விற்பவர் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்வது நல்லது.

* மத்திய அரசின் வெள்ள வரைபடத்தை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். முகவரியைப் போட்டால் போதும்.

* செப்டிக் டேங்குக்கு அந்த மண் ஏற்றதா என்று சோதித்துவிட்டு விலை பேசுங்கள். அதற்கு லாயக்கில்லாத மனையில் வீடு கட்டுவது பெரும் செலவில் முடியும்.

* தண்ணீர், மின் இணைப்பு எங்கிருந்து வரும், எவ்வளவு ஆகும் என்று முன்பே கேளுங்கள்.

* பத்திரத்தில் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளனவா என்று பாருங்கள். அரசு கேட்காததைக்கூட அவை கேட்கலாம்.

* கவுன்டியில் சோதனை இல்லையென்றால், உரிமம் பெற்ற ஆய்வாளரைச் சொந்தச் செலவில் வரவழையுங்கள். கான்கிரீட் ஊற்றும் முன் ஒருமுறை, சுவரை மூடும் முன் ஒருமுறை அவர் கட்டாயம் பார்க்க வேண்டும்.