மௌனம் சம்மதம் அல்ல

மாதிரி ரயில் அமைப்பது அமெரிக்கா, ஜெர்மனி, பிரிட்டன் முதலிய நாடுகளில் பெரியவர்களும் விரும்பி ஈடுபடும் பொழுதுபோக்கு. உண்மை ரயிலில் 87-இல் ஒரு பங்கு அளவுள்ள என்ஜின்கள் மேசை மேல் ஓடும். அவற்றைக் கம்பியில்லாமல் இயக்க இன்று ஒரு கைப்பேசியையே பயன்படுத்துகிறார்கள். அலை எத்தனை தூரம் எட்டும், எத்தனை ரயில் ஓட்டலாம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் முதல் கேள்வி வேறு: கைப்பேசி திடீரென்று மௌனமாகிவிட்டால் ரயில் என்ன செய்யும்?

பழைய முறையில் இக்கேள்விக்கே இடமில்லை. தண்டவாளத்துக்கு 12 வோல்ட் வரை நேர்மின்னோட்டம் தருவார்கள். அழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும். முனைகளை மாற்றினால் ரயில் பின்னோக்கிப் போகும். கம்பியைப் பிடுங்கினால் நின்றுவிடும். ஆனால் ஒரே தண்டவாளத்தில் இரண்டு என்ஜின்களை வைத்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும்!

இதற்குத் தீர்வாக 1990-களில் வந்தது டி.சி.சி. என்னும் எண்முறைக் கட்டுப்பாடு. இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். அதன் முனைகள் மட்டும் மிக விரைவாக மாறிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பாதித் துடிப்பும் 58 மைக்ரோ வினாடி நீடித்தால் அது '1'. 100 மைக்ரோ வினாடியோ அதற்கு மேலோ நீடித்தால் '0'. ஒவ்வொரு என்ஜினிலும் டிகோடர் என்னும் சிறு மின்னணுச் சுற்று உண்டு. அது தன் முகவரி எண்ணுக்கு வரும் கட்டளைக்கு மட்டும் பணியும்.

கைப்பேசியின் கட்டளை வைஃபை அலையாக ரௌட்டருக்குப் போகிறது, அங்கிருந்து ஜே.எம்.ஆர்.ஐ. போன்ற இலவச மென்பொருள் ஓடும் கணினிக்கு. பிறகு கட்டளை நிலையம் என்னும் பெட்டிக்கு. கடைசியில் தண்டவாளம் வழியாக டிகோடருக்கு. கம்பியில்லாத பகுதி முதல் கட்டம் மட்டுமே. பெயரில் பாதிதான் உண்மை!

சிக்கல் அந்தப் பெட்டியில் இருக்கிறது. சக்கரத்தில் அழுக்குப் படிந்தால் கட்டளை தவறிப்போகும் அல்லவா? ஆகவே கட்டளை நிலையம் கடைசிக் கட்டளையைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். கைப்பேசியின் மின்கலம் தீர்ந்தாலும் 'இதே வேகத்தில் போ' என்ற ஆணை நிற்காது. கட்டளை வராவிட்டால் நிற்கும்படி டிகோடரை அமைக்கலாம். ஆனால் இங்கே கட்டளைதான் வந்துகொண்டே இருக்கிறதே!

உண்மை ரயில்வே இப்பாடத்தை உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்றது. 1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தில் அர்மா அருகே ஒரு சுற்றுலா ரயில் மேட்டில் ஏற முடியாமல் நின்றது. ஊழியர்கள் அதை இரண்டாகப் பிரித்தார்கள். என்ஜின் வெற்றிடத்தை உண்டாக்கினால்தான் அதன் பிரேக் பிடிக்கும். பிரிந்த பெட்டிகளில் வெற்றிடம் போயிற்று, பிரேக்கும் போயிற்று. அவை சரிவில் உருண்டு, பின்னால் வந்த ரயிலில் மோதின. இறந்தவர் 80 பேர், பலர் குழந்தைகள். இத்தனைக்கும் குழாய் அறுந்தால் தானே பிடிக்கும் பிரேக்கை வெஸ்டிங்ஹவுஸ் 1872-லேயே செய்துவிட்டார். பிரிட்டன் தானியங்கி பிரேக்கைச் சட்டமாக்கியது விபத்து நடந்த அதே ஆண்டில்தான்.

ஜே.எம்.ஆர்.ஐ.யிலும் அத்தகைய ஏற்பாடு ஒன்று உண்டு. கைப்பேசி சில வினாடிகளுக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று செய்தி அனுப்ப வேண்டும். இதற்கு 'இதயத் துடிப்பு' என்றே பெயர். குறித்த நேரத்தில் அது வராவிட்டால் கணினி ரயிலை நிறுத்திவிடும். சிலர் இதை அணைத்துவிடுகிறார்கள். அழைப்பு வந்தாலும் திரை உறங்கினாலும் ரயில் நிற்கிறதாம், எரிச்சலாக இருக்கிறதாம். எரிச்சல் நியாயமே. அதற்காகத் திரை உறங்காதபடி அமையுங்கள், துடிப்பை அணைக்காதீர்கள். நின்ற ரயிலை மீண்டும் ஓட்டலாம். மேசையிலிருந்து விழுந்த என்ஜினை?

எத்தனை வினாடி வைக்கலாம்? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தை 87-ஆல் வகுத்தால் மாதிரி ரயில் வினாடிக்கு ஏறத்தாழ 19 செ.மீ. ஓடும். பத்து வினாடி என்று வைத்தால் நிற்பதற்குள் 190 செ.மீ. போய்விடும். உங்கள் மேசை எவ்வளவு நீளம்? அளந்து பார்த்து எண்ணை முடிவு செய்யுங்கள். பிறகு ரயிலை மெதுவாக ஓடவிட்டு, கைப்பேசியில் வைஃபையை மட்டும் துண்டித்துக் கடிகாரத்தைப் பாருங்கள். செயலியை முறைப்படி மூடிவிடாதீர்கள்; அது விடைபெற்றுக்கொண்டு போய்விடும், சோதனை ஆகாது.