பெயர்ப்பட்டியலில் உள்ள ஒவ்வொரு பிள்ளையும் பெஞ்சுக்கு வந்தாக வேண்டும்



2026 மார்ச் 2, திங்கட்கிழமை காலை 10 மணிக்கு பிளஸ் டூ பொதுத்தேர்வு தொடங்குகிறது. பாபநாசத்தில் மலையிறங்கும் தாமிரபரணி ஸ்ரீவைகுண்டம் தாண்டிக் கடலைத் தொடும் வரை, இரு கரையிலும் உள்ள அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் ஆசிரியர்களாக வேலை பார்க்கிற நம் எல்லோருக்கும் இந்த அழைப்பு. உங்களுக்குத் தெரியாத விதி எதையும் நான் சொல்லப் போவதில்லை. தெரிந்திருந்தும் நாம் செய்யாமல் விடுகிற ஒரு வேலை இருக்கிறது. அதை நேரம் இருக்கும்போதே உரக்கச் சொல்லியாக வேண்டும்.

தேர்வுக்குப் பள்ளியைத் தயார்செய்வது என்றதும் நம் கை தானாக எங்கே போகிறது? முகப்புத்தாளை விடைத்தாளோடு சேர்த்துத் தைக்கத் தையல் மிஷினும் ஆளும் பிடிக்கிறோம். போட்டோவும் பார்கோடும் சரியா என்று பார்க்கிறோம். அறைக்கு 20 பேர் கணக்கில் பெஞ்சில் எண் எழுதுகிறோம். வினாத்தாள் கட்டுக்காப்பு மையத்துக்குப் போலீஸ் காவல், வழித்தட அலுவலருக்கு வண்டி, முதன்மைக் கண்காணிப்பாளர், துறை அலுவலர், பறக்கும் படை, நிலையான படை என்று எல்லாம் தயார். இதில் நம்மை யாரும் குறை சொல்ல முடியாது. வினாத்தாள் உறையை அறைக்குள் இரண்டு மாணவர்களிடம் கையெழுத்து வாங்கித்தான் பிரிக்கிறோம். 10 மணிக்கு வினாத்தாள், 10.10-க்கு விடைத்தாள் சரிபார்ப்பு, 10.15-க்கு எழுதத் தொடக்கம், 1.15-க்கு முடிவு. எல்லாம் மணியடித்தாற்போல் நடக்கும். தாளுக்கு நாம் கொடுக்கிற காவல் பெரிது. தாளை எழுத வேண்டிய பிள்ளைக்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம்?

தேர்வு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஆப்சென்ட் எத்தனை என்று கேட்பார்கள். ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவோம். 2023 மார்ச் 13 அன்று அந்த எண்களையெல்லாம் கூட்டிப் பார்த்தபோதுதான் தமிழகம் திடுக்கிட்டது. பிளஸ் டூ தமிழ்த்தாளுக்கு மாநிலம் முழுவதும் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை. கொரோனாக் காலத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வே எழுதாமல் தேர்ச்சி பெற்று மேலே வந்த அணி அது. அதில் பலர் எப்போதோ பள்ளியை விட்டுப் போய்விட்டார்கள். எமிஸ் என்கிற இணையப் பதிவேட்டில் மட்டும் பெயர் உயிரோடு இருந்தது. ஹால் டிக்கெட் கூட அச்சாகி வந்திருந்தது. வகுப்பில் அந்த இருக்கை பல மாதமாகக் காலியாக இருந்ததை வகுப்பாசிரியர் பார்க்காமலா இருந்திருப்பார்?

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. 2023-இல் தேர்ச்சி 94.03 சதவீதம், 2024-இல் 94.56, 2025-இல் 95.03 என்று ஏறிக்கொண்டே வருகிறது. இந்தச் சதவீதம் தேர்வு எழுதியவர்களை வைத்துப் போடப்படுவது. வராத பிள்ளை தோற்றவர் கணக்கிலும் இல்லை, வென்றவர் கணக்கிலும் இல்லை. பள்ளி வாசலில் பேனர் கட்டும்போது அவன் இடைஞ்சல் செய்யமாட்டான். அதனால்தான் அவனை யாரும் தேடுவதில்லை. சில இடங்களில் இதைவிட மோசமும் நடக்கிறது. சதவீதம் கெட்டுவிடும் என்று, மெதுவாகப் படிக்கிற பிள்ளையின் பெற்றோரை வரவழைத்து, “இந்த வருஷம் வேண்டாம்மா, டி.சி. வாங்கிட்டுப் போயி டுடோரியல்ல எழுதட்டும்” என்று நயமாகச் சொல்லி அனுப்புகிறோம். நம் ஆட்களே செய்கிறார்கள். நூறு சதவீதப் பாராட்டுச் சான்றிதழ் தொங்குகிற சுவரில் அந்தப் பிள்ளையின் போட்டோவையும் மாட்டிவைக்கலாம்.

இந்தத் தேர்வைப் போய் எதற்கு இவ்வளவு பெரிதாக்குகிறீர்கள் என்று கேட்கிற தோழர்களுக்கு ஒரு பழைய செய்தி. பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் 1984 முதல் தமிழ்நாட்டில் தனி நுழைவுத்தேர்வு இருந்தது. கோச்சிங் வசதி இல்லாத கிராமத்துப் பிள்ளைகள் அதில் அடிபட்டார்கள் என்பதால்தான் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழித்தது. மருத்துவத்தை நீட் பிடுங்கிக்கொண்டது வேறு கதை. பொறியியலுக்கும் வேளாண்மைக்கும் கலைக்கல்லூரிக்கும் இன்றும் பிளஸ் டூ மார்க்தான் கதவு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடும், புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் ஆயிரம் ரூபாயும் அந்தக் கதவுக்கு உள்பக்கம்தான் இருக்கின்றன. போராடி வாங்கிய கதவு. அதன் வாசலுக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்க்காமல் சமூகநீதி மாநாட்டில் கைதட்டுவதில் பொருளில்லை. துணைத்தேர்வு இருக்கிறதே என்பீர்கள். மார்ச்சில் வராதவன் ஜூனில் தானாக வந்து உட்காருவான் என்று உண்மையிலேயே நம்புகிறவர்கள் கை தூக்குங்கள்.

நம் பள்ளத்தாக்கில் யார் வராமல் போகிறார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல. பிசான நெல் அறுப்பும் பொதுத்தேர்வும் ஒரே மாதத்தில் வருகின்றன. அறுப்பு மிஷினுக்குப் பின்னால் மூட்டை பிடிக்கவும் லாரியில் ஏற்றவும் பதினேழு வயதுப் பையனுக்குக் கையில் காசு கிடைக்கும். மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு படிக்கிற பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்மாவுக்குக் கை வலித்தால் அன்றைய சுற்று இவள் தலையில்தான் விழும். இந்த ஆண்டு ரம்ஜான் நோன்பும் தேர்வோடு சேர்ந்து வருகிறது. சஹருக்கு எழுந்த பிள்ளை தண்ணீர்கூடக் குடிக்காமல் பங்குனி வெயிலை நெருங்கும் பகலில் மூன்று மணி நேரம் எழுதப் போகிறது. அந்த மையங்களில் ஃபேன் ஓடாத அறை ஒன்றுகூட இருக்கக் கூடாது. காரையாறு பக்கம் காணிக் குடியிருப்புகளிலிருந்து வருகிற பிள்ளை வனத்துறை செக்போஸ்ட்டைத் தாண்டி வந்தாக வேண்டும். 2024-இல் தேயிலைத் தோட்ட வேலை போய் மாஞ்சோலையிலிருந்து இறங்கிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஊர் புதிது, பள்ளி புதிது, வாடகை வீடும் புதிது. இவர்களில் எவரையும் விதியை நொந்துகொண்டு விட்டுவிட முடியாது. அழைத்துப் பேசினால், விடுதியில் மூன்று வாரம் இடம் கேட்டுக் கொடுத்தால், முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

தீராத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லும்போதுதான் நம் சங்கக் கூட்டங்களில் செருமல் சத்தம் கேட்கும். சாதி.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது என்று மறக்கவில்லைதானே. நன்றாகப் படிக்கிற ஒரு தலித் மாணவன் சில நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். உடன்படிக்கிறவர்கள் செய்த கொடுமையைச் சொன்னான். புகாரும் கொடுத்தான். அதன்பிறகு இரவில் வீடு புகுந்து அவனையும் தடுக்க வந்த தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்களும் பள்ளிப் பிள்ளைகள். கை சிதைந்த அந்தப் பையன் சொல்வதை எழுதுபவர் துணையோடு 2024 மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதி 600-க்கு 469 வாங்கினான். அந்த மார்க்கை நாம் மேடையில் கொண்டாடினோம். அவன் ஏன் ஆப்சென்ட் ஆனான் என்பதைப் பற்றி அதே மேடையில் எத்தனை பேர் பேசினார்கள்?

2025 மார்ச் 10. ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து பாளையங்கோட்டைக்குப் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு எழுதப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்த தலித் மாணவனை வழிமறித்துக் கீழே இழுத்து வெட்டினார்கள். இடக்கை விரல்கள் துண்டாயின. அன்று அந்தத் தேர்வு மையத்தில் எல்லாம் விதிப்படியே நடந்திருக்கும். ஓர் இருக்கை காலி, ஆப்சென்ட் பட்டியலில் ஓர் எண் கூடுதல், அவ்வளவுதான்.

பிள்ளை மையத்துக்கு வந்து சேர வழி செய்வது எப்படி என்று தென்கொரியாவைப் பாருங்கள். அங்கே கல்லூரி நுழைவுத்தேர்வு நாளன்று ஆங்கிலக் கேட்டல் பகுதி நடக்கும் நேரம் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தப்படுகின்றன. தாமதமாகிவிட்ட மாணவனைப் போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறார். விமானத்தை நிறுத்த வேண்டாம், டவுன் பஸ்ஸை நிறுத்தச் சொல்லுவோம். காலை ஏழரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் தேர்வு மைய வழித்தடங்களில் ஒவ்வொரு பஸ்ஸும் பாஸ் வைத்திருக்கிற பிள்ளைக்காக நிற்க வேண்டும், முன்பு பிரச்சினை நடந்த வழித்தடங்களில் ஒரு காவலர் ஏறி வர வேண்டும். ஆட்சியர் அலுவலகத்துக்கும் போக்குவரத்துக் கழகத்துக்கும் இதை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். 2020 மார்ச் 24-இல் ஊரடங்குக்கு முந்தைய பதற்றத்தில் கடைசித் தாளுக்கு வந்து சேர முடியாமல் போனவர்கள் 30 ஆயிரத்துக்கும் மேல். அவர்களுக்கு ஜூலை 27-இல் மறுதேர்வு நடந்தது. கொரோனாவுக்கு மறுதேர்வு உண்டு. பஸ் நிற்காமல் போனதற்கும் அரிவாளுக்குப் பயந்து வீட்டில் கிடந்ததற்கும் அப்படி ஒன்று கிடையாது.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் நிறக்கயிறு கூடாது, அகரவரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்பன அதில் உள்ள எளிய பரிந்துரைகள். யோசித்துப் பாருங்கள், பொதுத்தேர்வு அறையில் பதிவெண் வரிசையில் யார் பக்கத்தில் யார் என்று கேட்காமல் எல்லோரையும் உட்காரவைத்துவிடுகிறோம். ஒருவரும் எதிர்ப்பதில்லை. மார்ச்சில் தேர்வறையில் முடிகிறது என்றால் ஜூனில் வகுப்பறையிலும் முடியும். நம்மில் சிலர் சட்டைப்பையில் சொந்தச் சாதிச் சங்கத்தின் டைரியை வைத்துக்கொண்டு வகுப்புக்குள் போகிறோம் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த டைரியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

பாளையங்கோட்டையைத் தென்னகத்தின் ஆக்ஸ்ஃபோர்டு என்று பீற்றிக்கொள்கிறோம். அந்தப் பெயருக்குப் பொருத்தமானது என்று எனக்குப் படுவது, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, காதுகேளாதவர்க்கும் பார்வையற்றோர்க்கும் இங்கே பள்ளிகள் எழுந்தன என்பதுதான். ஆகவே இந்த ஊரில் சொல்வதை எழுதுபவர் கிடைக்கவில்லை என்று ஒரு மையம்கூடக் கடைசி நாளில் கை விரிக்கக் கூடாது. கூடுதல் ஒரு மணி நேரம், மொழித்தாள் விலக்கு, தரைத்தளத்தில் அறை ஆகிய சலுகைகளின் ஆணை பிள்ளையின் கையில் இப்போதே இருக்கிறதா என்று கேளுங்கள்.

கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2021 டிசம்பர் 17-இல் நெல்லை நகரில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், தாமிரபரணி கரை மீறி வந்து வீடுகளோடு புத்தகங்களையும் சான்றிதழ்களையும் கொண்டுபோனது. அரையாண்டுத் தேர்வைத் தள்ளிவைத்தோம், பொதுத்தேர்வோ குறித்த நாளில் 2024 மார்ச் 1-ஆம் தேதி தொடங்கியது. நனைந்த சுவர்களில் எவை இன்னும் நிற்கின்றன, எவை சாய்ந்து நிற்கின்றன என்று பார்த்தாயிற்றா? தேர்வு அறையாகப் போகிற ஒவ்வொன்றையும் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கழிப்பறையையும் சேர்த்துத்தான். வெளியூரிலிருந்து மையத்துக்கு வருகிற பெண்பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் எழுதுவதற்குக் காரணம் கழிப்பறையின் நிலைதான்.

நமக்கு நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயம். வாக்காளர் பட்டியல் சிறப்புத் திருத்தத்துக்கு வீடுவீடாக ஏறி இறங்கியவர்களில் நம்மவர்கள் நிறைய. காலிப் பணியிடங்களை நிரப்பாமல், ஒருவர் தலையில் மூன்று பேர் வேலையைக் கட்டுகிற அரசை நாம் விடப்போவதில்லை. அந்தப் போராட்டம் நடக்கும். ஆனால் எமிஸில் ஏற்றுகிற விவரத்துக்காகப் பிள்ளையின் வீட்டுக்குப் போன் போடுகிற நாம், ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு தரம் கூடுதலாகப் போன் போட முடியும்.

வேலை இதுதான். இந்த வாரமே பெயர்ப்பட்டியலை எடுங்கள். ஒரு மாதமாக ஒழுங்காக வராதவர்களின் பெயருக்குக் கீழே கோடு போடுங்கள். வகுப்பாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒருவருமாகச் சேர்ந்து அந்த வீடுகளுக்குப் போங்கள். காரணம் வயல் என்றால் ஊர்ப் பெரியவர்களிடமும் அறுப்பு ஏஜென்டிடமும் பேசுங்கள். கல்யாணம் என்றால் 1098-க்குப் போன் செய்யுங்கள். பயம் என்றால் பிள்ளை சொன்னதை ஊருக்கெல்லாம் பரப்பாமல், யாரிடம் சொன்னால் பாதுகாப்போ அவரிடம் மட்டும் கொண்டுபோங்கள். நாங்குநேரியில் உண்மையைச் சொன்ன பிறகுதான் அரிவாள் வந்தது. செய்முறைத் தேர்வுக்கு வராதவனைத் தேடத் தேர்வு முடியும்வரை காத்திருக்காதீர்கள். தேர்வுக் காலத்தில் கோயில் கொடை நடக்கிற ஊர் என்றால் மைக் செட்காரரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். பிட் அடிக்க உதவுகிறேன் என்று எந்தத் தோழரும் கிளம்ப வேண்டாம். அது உதவியே கிடையாது.

பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இந்தக் கல்வியாண்டு முதல் எடுக்கப்பட்டுவிட்டது. அடுத்த மார்ச்சில் வருகிற அணி, பத்தாம் வகுப்புக்குப் பிறகு முதல்முறையாக நேராக இந்த அறைக்குள் நுழையும். அவர்களுக்குப் பதற்றம் இன்னும் கூடும். அதற்குள் வராதவரைத் தேடிப் போகிற வழக்கம் நம் கைக்குப் பழகியிருக்க வேண்டும்.

மார்ச் 2 அன்று ஆப்சென்ட் கணக்கு கேட்டு வரும்போது எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே காரணத்தை எழுதி, நகலை நம் சங்கத்தின் வட்டாரச் செயலாளரிடம் அன்று மாலையே கொடுங்கள். எழுதக் காரணம் தெரியவில்லை என்றால், 1.15 மணிக்கு விடைத்தாள் கட்டை ஒப்படைத்த கையோடு அந்த வீட்டுக்குப் புறப்படுங்கள்.