மலைப்பாதையில் ஒரு சொல்

கோடை விடுமுறை தொடங்கியதும் நம் சங்கக் குடும்பங்களிற் சில லடாக்கிற்கும் ஸ்பிட்டிக்கும் காரிலேயே புறப்பட்டுவிடுகின்றன. அந்த ஆர்வத்தைப் பாராட்டுகிறோம். ஆயினும் சென்ற ஆண்டு நிகழ்ந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மணாலி வழியாகச் சென்ற அன்பர் ஒருவரின் கைபேசி நடுவழியில் ஊமையாயிற்று. லே நகரை அடைந்த பின்னும் அது வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் விடுதிக்காரரின் தொலைபேசியில்தான் அவர் ஊருக்குப் பேசினார். பயணிகள் நலமாகவே இருந்தார்கள். கும்பகோணத்தில் அவருடைய தாயார்தாம் அதுவரை கண்ணுறங்கவில்லை.

காரணம் மிக எளியது. வெளி மாநிலங்களில் வாங்கிய பிரீபெய்டு சிம் லடாக்கிலும் ஜம்மு காஷ்மீரிலும் இயங்காது. மாதக் கட்டணம் செலுத்தும் போஸ்ட்பெய்டு இணைப்பே அங்கு பேசும். குடும்பத்தில் ஒருவரிடமேனும் அத்தகைய இணைப்பு இருத்தல் நலம். ஆபத்து நேரின் 112 என்ற எண்ணை அழைக்கலாம். நம் நிறுவனத்தின் கோபுரம் எட்டாவிடினும், வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் அவ்வழைப்பு அதன் வழியே செல்லக்கூடும். எந்தக் கோபுரமும் இல்லாத கணவாய்களில் அதுவும் பயன்படாது. பேச்சு எட்டாத இடத்தில் குறுஞ்செய்தி சில வேளை போய்ச் சேரும் என்பதையும் நினைவிற் கொள்க.

அயல்நாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் அன்போடு வாங்கிவரும் செயற்கைக்கோள் தொலைபேசியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. துரையா, இரிடியம் முதலிய கருவிகளை அரசின் அனுமதியின்றி நம் நாட்டில் வைத்திருப்பது குற்றமாகும். சட்டைப்பையில் அடங்கும் செய்திக் கருவிகளுக்கும் இதே தடை உண்டு. அறியாது கொணர்ந்த பயணிகள் விமான நிலையங்களிலேயே கைதானதுண்டு.

அமெச்சூர் வானொலி என்பது மற்றொரு வழி. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, போர்ட் பிளேரில் தற்செயலாக முகாமிட்டிருந்த வானொலி ஆர்வலர் குழுவொன்று, பிரிந்து தவித்த குடும்பங்களுக்குச் செய்தி சேர்த்தது. ஆனால் இதற்கு அரசின் தேர்வெழுதி உரிமம் பெறவேண்டும். நம் இளைஞர்கள் இதனைக் கற்பது நாட்டுக்கும் நன்று.

எல்லோருக்கும் எளிதான வழிகளும் உள. புறப்படுமுன் எந்நாள் எவ்வூரில் தங்குவோம் என்பதை ஒரு தாளில் எழுதி, வண்டி எண்ணுடன், வீட்டில் ஒருவரிடம் கொடுத்துச் செல்லுங்கள். எந்த நாள் வரை செய்தி வராவிடினும் கவலை வேண்டா, எந்த நாளுக்குப் பின் போலீசாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் அதிற் குறியுங்கள். வழியிலுள்ள சோதனைச் சாவடிகளில் பெயரைச் சரியாகப் பதியுங்கள். தேடுவோர்க்கு அதுவே முதற் தடயம். ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் ஊதுகுழல் இருக்கட்டும்: நிமிடத்திற்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுவது மலையேறுவோர் உலகெங்கும் அறிந்த அபாயக் குறி. மூன்று முறை ஒலிப்பது அதற்கு மறுமொழி.

அந்தத் தாளுக்கு ஒரு காசும் செலவில்லை. அது கையில் இருந்திருப்பின் கும்பகோணத்துத் தாயார் அந்த இரவுகளில் நிம்மதியாக உறங்கியிருப்பார். இவ்வாண்டு புறப்படும் அன்பர்கள், பெட்டியைப் பூட்டுமுன் அதனை எழுதிவிடுமாறு வேண்டுகிறோம்.