கிட்னி மாற்றியவரின் தோலையும் பாருங்கள்

பூதலூர் பக்கம் நடவு வயலில் இறங்கும் பெண்கள், சேலைக்கு மேலே வீட்டு ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தலையில் துண்டைக் கட்டிக்கொள்வார்கள். வெயிலைப் பற்றி அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் கிட்னி மாற்றிக்கொண்டு ஊர் திரும்பி, மறுபடியும் வரப்பில் நிற்கும் ஒருவருக்கு அந்த முழுக்கைச் சட்டை மருந்துச் சீட்டிலேயே எழுதப்பட வேண்டும்.

மாற்று உறுப்பை உடல் தள்ளிவிடாமல் இருக்க, நோய் எதிர்ப்பு ஆற்றலை அடக்கும் மாத்திரைகளைக் காலமெல்லாம் சாப்பிட வேண்டியிருக்கிறது. வெயிலில் கெட்டுப்போகும் தோல் செல்களைக் கண்டுபிடித்து ஒழிப்பதும் அதே எதிர்ப்பு ஆற்றல்தான். அது தளரும்போது கெட்ட செல் தப்பிப் பெருகுகிறது. வெள்ளைத் தோல்காரர்களில் உறுப்பு மாற்றிக்கொண்டவர்களுக்கு ‘ஸ்குவாமஸ் செல்’ வகைத் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு, மற்றவர்களைவிட 65 முதல் 100 மடங்கு அதிகம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வயது கூடக் கூட, மாத்திரை சாப்பிட்ட ஆண்டுகள் கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது. இதயம், நுரையீரல் மாற்றியவர்களுக்கு மருந்தின் அளவு அதிகம் என்பதால் ஆபத்தும் அதிகம். எதிர்ப்பு ஆற்றலை அடக்கும் மாத்திரைகளில் ஒன்றான அசதயோபிரின், வெயிலின் புற ஊதாக் கதிரால் தோல் இன்னும் எளிதில் கெடும்படி செய்துவிடுகிறது. பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் வோரிகோனசோலும் நாள்பட்டால் அப்படித்தான்.

“நம்ம கறுப்புத் தோலுக்கு அதெல்லாம் வராது” என்ற பேச்சு இங்கே சகஜம். அதில் பாதி உண்மை. தோலுக்கு நிறம் தரும் மெலனின் நன்றாகவே காக்கிறது. வெள்ளையர்களுக்கு உள்ள அளவு ஆபத்து நமக்கு இல்லை. மீதிப் பாதிதான் கவலைக்குரியது. ஃபிலடெல்ஃபியாவின் டிரெக்சல் பல்கலைக்கழக மருத்துவர்கள் உறுப்பு மாற்றிக்கொண்ட 413 பேரைப் பரிசோதித்து, 2016-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெள்ளையர் அல்லாத 259 பேரில் 15 பேருக்குத் தோல் புற்றுநோய் இருந்தது. ஆசியர்களுக்கு வெயில் படும் இடங்களில் வந்திருந்தது. கறுப்பினத்தவருக்கோ பெரும்பாலும் வெயிலே படாத இடங்களில், குறிப்பாகப் பிறப்புறுப்புப் பகுதியில் வந்திருந்தது. அங்கே காரணம் வெயில் அல்ல. மரு உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ்.

எனவே முகத்தையும் முழங்கையையும் மட்டும் பார்த்தால் போதாது. உள்ளங்கால், நகத்தடி, உதடு, பழைய தீக்காயத் தழும்பு, ஆறாத கால் புண், மறைவிடத்து மரு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கமுள்ளவர் வாயையும் காட்ட வேண்டும். இதில் பெரிய தடை கூச்சம். மறைவிடத்தில் மரு இருக்கிறது என்று ஆண் மருத்துவரிடம் சொல்ல நம் பெண்கள் எத்தனை பேர் முன்வருவார்கள்? அதைக் கேட்டறிய ஒரு பெண் மருத்துவரோ செவிலியரோ இருந்தே ஆக வேண்டும்.

பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் கிட்னியே போய்விடும். தோலில் புற்று வந்துவிட்டால்கூட மருத்துவர் மருந்தை மாற்றித் தர வழி உண்டு. ஏற்கெனவே ஸ்குவாமஸ் செல் புற்று வந்தவர்களை, எதிர்ப்பு ஆற்றலை அடக்கும் இன்னொரு மருந்தான சிரோலிமஸுக்கு மாற்றியபோது புதிய கட்டிகள் குறைந்ததை 2012-ல் ஐரோப்பாவில் நடந்த ஆய்வு காட்டியது.

உறுப்பு தானத்தில் தமிழ்நாடு பெருமைப்பட நிறைய இருக்கிறது. 2008-ல் மூளைச்சாவு அடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானம் செய்யத் திருக்கழுக்குன்றத்துப் பெற்றோர் எடுத்த முடிவு மாநிலத்தின் மனதையே மாற்றியது. தானம் செய்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பரில் முதல்வர் அறிவித்தார். அந்த தானத்தைப் பெற்றவர் இருபது, முப்பது ஆண்டுகள் நலமாக இருக்க வேண்டாமா? கிட்னியின் செயல்பாட்டை அறிய ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்க வரும் நாளிலேயே, ஆண்டுக்கு ஒரு முறையாவது, உச்சி முதல் உள்ளங்கால் வரை தோலையும் பார்ப்பதைத் தமிழக உறுப்பு மாற்று ஆணையம் கட்டாயமாக்க வேண்டும். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நல்ல வெளிச்சம், திரை போட்ட ஓர் அறை, பழகிய கண், பதினைந்து நிமிடம் போதும்.